பெஞ்சைத் திருப்பிக் கொடுத்த திருடன்

அத்தியாயம் 4

காலை பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் கையில் சுத்தியலோடு படியேறி வந்தால் மேசைக்கடியில் ஒளிவதா, நாற்காலி போட்டு உட்காரவைப்பதா என்று டபுள் பிரேக் யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் வண்டியைக் காணோம்," என்றாள்.

டபுள் பிரேக் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அந்த மாதிரிக் கார்களில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வெறுந்தரையை மிதிப்பான். பெயர் அப்படி வந்தது. இப்போது அவன் தன் அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அண்ணன் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில், மிச்சம் நாலு மாதம் தூக்கத்தில். அண்ணியோ இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது நெளிசல், எது பொய் என்று பிரித்துச் சொன்னவள். வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோரும் அவளை அண்ணி என்றே கூப்பிட்டார்கள். அதில் டபுள் பிரேக்குக்கு உள்ளூர வருத்தம். உரிமையுள்ள ஒரே கொழுந்தன் அவன்தானே.

"என்ன வண்டிம்மா?" என்றாள் அண்ணி.

வந்தவள் ஒரு போட்டோவை மேசையில் வைத்தாள். பாசிப் பச்சை நிறத்தில் ஒரு கார். முன்பாதி பந்தயக் கார் போலத் தாழ்ந்து, நீண்டு கிடந்தது. பின்பாதியில் கூரை இறங்க மறந்து அப்படியே கடைசிவரை ஓடி, ஒரு பெரிய கண்ணாடிப் பின்கதவில் போய் முடிந்தது. பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு.

"ரெண்டு கதவுதானா?" டபுள் பிரேக் குனிந்து பார்த்தான். "மீதி ரெண்டையும் முன்னாடியே திருடிட்டாங்களா?"

சுத்தியல் மேசையில் 'ணங்'கென்று இறங்கியது. அவளைத் தொழிலில் எல்லோரும் 'சுத்தியல்' என்றுதான் அழைப்பார்கள் என்பதும், தகரத்தைத் தட்டிக் கார் உடம்பு கட்டுகிறவள் என்பதும், எதிராளி வாயைத் திறந்தால் அவனையும் தட்டிவிடுவாள் என்பதும் அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டன.

"முன்னாடி உக்காந்தா ராஜா மாதிரி போகணும். பின்னாடி வீட்டையே தூக்கிப் போட்டாலும் அடங்கணும்," என்றாள். "கூரையை நீட்டினா சாமான் வண்டி ஆயிடும். சரிச்சு விட்டா ஒரு பெட்டி நுழையாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வளைவைப் பிடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. பதினோரு கூரையைக் கட் பண்ணித் தூக்கிப் போட்டேன்."

"இன்னிக்குன்னு பாத்து ஏன் இவ்வளவு பதட்டம்?" என்று கேட்டாள் அண்ணி.

"சாயங்காலம் நாலு மணிக்குக் கார் கம்பெனியோட தலைமை டிசைனர் வர்றார். கையால கட்டின வண்டி அஞ்சைப் பாத்துட்டு ஒண்ணை எடுப்பார். எடுத்ததைக் கம்பெனியே செஞ்சு விக்கும், கட்டினவங்க பேரைப் போட்டு. அந்த மனுஷன் ரெண்டாவது தடவை வரமாட்டார் அண்ணி. நாலு மணிக்கு வண்டி நிக்கலைன்னா, நான் மறுபடியும் எவனோ இடிச்ச பம்பரை நிமித்திக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை மறைக்க, நாற்காலியின் கால் ஆடுகிறது என்று ஒரு திட்டுத் திட்டினாள். டபுள் பிரேக்குக்குச் சட்டென்று பாவமாகப் போய்விட்டது. அடுத்த நகைச்சுவையை விழுங்கிக்கொண்டான்.

அண்ணி கார்ச் சாவியை எடுத்தாள்.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாசல் பலகையில் 'பெயிண்டிங், டிங்கரிங்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதைவிடக் கொட்டையாக ஒரு போன் நம்பர். நம்பர் சுத்தியலின் அண்ணனுடையது. அவர் பெயிண்டர், உள்ளே ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பாமீது, வயிற்றுவலிக்காரர் போலக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போனதுல உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டாள் அண்ணி.

"அது என்னங்க வண்டி," என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே. "முன்னாடி குதிரை, பின்னாடி எருமை. ரெண்டுங்கெட்டான். நான் அப்பவே சொன்னேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று சுத்தியல் எகிறினாள். "மூணு வருஷமா இதே பாட்டுதான். கூடப் பிறந்தவனே இப்படின்னா ஊர்ல இருக்கிறவன் என்ன சொல்லமாட்டான்? போன மாசம் ஒரு பெரிய மனுஷன் பாக்க வந்தான். 'சவ வண்டியா?'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றான் டபுள் பிரேக்.

"சொல்லல. தெருமுனை வரைக்கும் துரத்தினேன்."

அண்ணி அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே கொட்டகையைச் சுற்றிவந்தாள். பூட்டு உடையவில்லை. சாவி மாட்டும் ஆணி காலி. பக்கத்தில் ஒரு டெலிவரி வேன், சாவி தொங்கத் தொங்க, திருடனுக்காகவே நிறுத்தியது போல நின்றது. அதை எவனும் தொடவில்லை. கார் நின்ற இடத்தில் தரை இன்னும் ஈரம். ஓரத்தில் பிழிந்து காயப்போட்ட துணி, டயருக்குப் போடும் மெருகு டப்பா. சுவரோரம் ஒரு சாக்கை விரித்து, ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, பழைய செருப்பு என்று காரின் பின்னால் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"நேத்து நீ கழுவினியா?" அண்ணி கேட்டாள்.

"இல்ல. மத்தியானம் கழுவலாம்னு இருந்தேன். ஹாரனுக்கு வயர்கூட இன்னும் மாட்டல."

"அப்போ திருடன்தான் கழுவியிருக்கான்," என்றான் டபுள் பிரேக். "குளிப்பாட்டி, தலைசீவி, பவுடர் போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கான். எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு அண்ணி."

பெயிண்டர் டப்பாமீது நெளிந்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சுத்தியலிடம் திரும்பி, "அந்தக் கதவு எவ்வளவு நீளம்?" என்றாள்.

"நாலரை அடி. ரெண்டே கதவுன்னா அது பெருசாத்தானே இருக்கணும்? பின்னாடி சீட்டுக்கும் அது வழியாத்தான் ஏறணும்."

"அது போதும்," என்றாள் அண்ணி.

என்ன போதும் என்று டபுள் பிரேக்குக்கு விளங்கவில்லை. தெருவில் இறங்கி நடக்கும்போது கேட்டான்.

"நீ எத்தனை பேருக்கு ஓட்டக் கத்துக் குடுத்திருப்பே?"

"மூவாயிரம் இருக்கும். அதுல நூறு பேர் நல்லா ஓட்டுவாங்க."

"எல்லாரும் எந்த வண்டியில கத்துக்கிட்டாங்க?"

"நாலு கதவு வண்டிதான்."

"நாலு கதவு வண்டிக்காரன் சுவத்துக்கும் கம்பத்துக்கும் பக்கத்துல எவ்வளவு இடம் விடுவான்?"

டபுள் பிரேக் நின்றுவிட்டான். கை தானாக அளந்து காட்டியது. "ரெண்டடி. ஐயையோ, அந்த நாலரை அடிக் கதவை வெச்சுக்கிட்டு... அண்ணி, அவன் எங்க நிறுத்தினாலும் இடிச்சிருப்பானே!"

"கதவு இடிச்ச தழும்பைத் தேடு. பச்சைப் பெயிண்டோட."

பட்டறையிலிருந்து கார் வெளியே போக ஒரே வழிதான். இருநூறு அடி தள்ளி, ஒரு காபிக் கடை வாசலில் விளக்குக் கம்பம். அதன் இடுப்பில் ஒரு புதுக் கீறல். கீறலுக்குள் பாசிப் பச்சை. டபுள் பிரேக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்காத குறை.

காபிக் கடைக்காரர் தட்டில் இருந்த கேக்கை ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருந்தார். கேட்டதும் விசிறியைக் கீழே வைத்தார். காலையிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் ஊறிப்போய் இருந்த மனிதர்.

"ஆறரை மணி இருக்குங்க. பச்சைக் கார் ஒண்ணு வந்து நின்னுது. உள்ள நல்ல உடம்பா ஒருத்தர், கோட்டு போட்டுக்கிட்டு. கதவைத் திறந்தாரு, கம்பத்துல 'டங்'குன்னுச்சு. மறுபடி திறந்தாரு, மறுபடி 'டங்'கு. அப்புறம் ஜன்னலை இறக்கி ஒரு காபி கேட்டாரு. உள்ளேயே உக்காந்து குடிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம்தாங்க கூத்து. 'இந்த பெஞ்சு எவ்வளவு நீளம்?'னு கேட்டாரு. ஆறடின்னேன். 'பின்கதவைத் திறந்து உள்ள ஏத்துங்க'ன்னாரு. கேக்குற தோரணை அப்படி, நானும் ஏத்திட்டேன். முழு பெஞ்சும் உள்ள போயிடுச்சு! கதவும் மூடிச்சு! மூடிக்கிட்டு ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்து, 'இறக்கிக்குங்க, ரொம்ப நன்றி'ன்னாரு."

டபுள் பிரேக் அண்ணியைப் பார்த்தான். "காரைத் திருடினவன் பெஞ்சைத் திருப்பிக் கொடுத்திருக்கான். நேர்மையான திருடன். இல்லன்னா நேத்துதான் தொழிலுக்கு வந்தவன்."

"முகத்தை மறைச்சாரா?" என்றாள் அண்ணி.

"மறைக்கிறதாவது! காரைப் பின்னாடியிருந்து போட்டோ எடுக்கச் சொல்லித் தன் போனையே என்கிட்ட குடுத்தாரு. எடுத்துட்டிருக்கும்போது பால் பொங்கிடுச்சு. போனைப் பையில போட்டுக்கிட்டு ஓடினேன். திரும்பி வந்தா வண்டி இல்ல." காபிக்காரர் ஒரு போனை எடுத்து மேடைமேல் வைத்தார். "அப்பலேர்ந்து இது அடிச்சுக்கிட்டே இருக்குங்க. எடுத்தா எதாவது வம்பு வருமோன்னு நான் எடுக்கல."

போனின் முகப்பில் பதினேழு தவறிய அழைப்புகள். பதினேழும் ஒரே நம்பர். டபுள் பிரேக் அந்த நம்பரை ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை படித்தான். அரைமணி நேரத்துக்கு முன் அதைக் கொட்டை எழுத்தில் பார்த்திருந்தான்.

"அண்ணி! பட்டறைப் பலகை! பெயிண்டர்!" குரல் கீச்சிட்டது. "கூடப் பிறந்தவனே கூட்டாளி! 'ரெண்டுங்கெட்டான்'னு ஊரை நம்பவெச்சு, வண்டியை வெளிய கடத்திட்டான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதிருக்கு. வாங்க, போய் சட்டையைப் பிடிப்போம்."

அந்த நேரம் பார்த்துப் போன் பதினெட்டாவது தடவையாக அடித்தது. அண்ணி எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு குரல் கதறிக்கொண்டே போனது. என்ன கதறுகிறது என்று டபுள் பிரேக்குக்குக் கேட்கவில்லை. ஆனால் அண்ணியின் உதட்டோரம் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்தான். விபத்து வண்டியில் பொய்யைக் கண்டுபிடித்தாலும் அவள் இப்படித்தான் சிரிப்பாளாம், அண்ணன் சொல்லியிருக்கிறான்.

"ஐயா இல்ல, அண்ணி பேசறேன்," என்றாள் அவள். "உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. எங்கேன்னு இதோ சொல்றேன்." காபிக்காரர் பக்கம் திரும்பினாள். "போறதுக்கு முன்னாடி அவர் எதாவது வழி கேட்டாரா?"

"வழி கேக்கலைங்க. 'இந்தப் பக்கத்துலேயே ரொம்பக் குறுகலான கார் ஷெட்டு எது?'ன்னு கேட்டாரு. அடுத்த சந்துல, அச்சகத்துக்குப் பின்னாடி ஒண்ணு சும்மா கிடக்குன்னேன். பழைய ஷட்டருங்க அது. மேல ஏத்தி விட்டா அதுவே தானா இறங்கி, வெளிக் கொண்டி விழுந்துடும்."

அண்ணி இடத்தைச் சொல்லிப் போனை வைத்தாள்.

"குறுகலான ஷெட்டுன்னா ஒளிச்சுவைக்கத்தான்," என்றான் டபுள் பிரேக், காபிக் கடைக்காரரின் குடையை இரவல் வாங்கி வாள்போல் பிடித்துக்கொண்டு. "அண்ணி, நீங்க பின்னாடி நில்லுங்க. நான் முன்னாடி போறேன். அண்ணன் கப்பல்ல இருந்து வந்தா நான் பதில் சொல்லணும்."

"போ, போ," என்றாள் அண்ணி.

சந்துக்குள் அச்சகத்து இயந்திரம் 'தடக் தடக்' என்று காதைப் பிளந்தது. பக்கத்தில் ஒருவனை வெட்டினாலும் கேட்காது. ஷட்டர் இறங்கியிருந்தது, வெளியே கொண்டி விழுந்திருந்தது. அவர்கள் போய்ச் சேரவும், சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து சுத்தியல் ஓடிவரவும், அவள் பின்னால் பெயிண்டர் மூச்சிரைக்க வரவும் சரியாக இருந்தது.

டபுள் பிரேக் கொண்டியைத் தள்ளி ஷட்டரைத் தூக்கினான்.

பாசிப் பச்சை வெளிச்சத்தில் பளபளத்தது. போட்டோவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கூரை தலைக்குமேல் நீண்டு வந்து, கடைசி ஒரு முழத்தில் சட்டென்று மனம் மாறியது போல வளைந்து இறங்கியது. மூவாயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தும் ஒரு காரையும் விரும்பாதவன் அவன். அதைப் பார்த்ததும் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. இரண்டு பக்கமும் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்தான். கதவைத் திறக்க வழியே கிடையாது.

பின்கண்ணாடியை ஒட்டி இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன.

"பொணம்!" என்று அலறினான் டபுள் பிரேக்.

பொணம் கால் விரலை நெட்டி முறித்தது. பின்சீட்டை மடக்கிப் போட்டு, கோட்டைக் கொக்கியில் மாட்டி, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஓர் ஆள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறடி உடம்பும் நீட்டி நிமிர்ந்து கிடந்தது.

"திருட்டுப் பயலே! என் வண்டியில தூக்கமா?" சுத்தியல் கையை ஓங்கினாள்.

"அடிக்காதே!" பெயிண்டர் குறுக்கே பாய்ந்தார். "அடிக்காதேடி! அவர்தான் உன்னோட நாலு மணி!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"என்னது?"

"டிசைனர்! கம்பெனிக்காரர்!" பெயிண்டர் கிட்டத்தட்ட அழுதார். "நான்தான் காலைல அஞ்சரைக்கு வரச் சொன்னேன். விடியறதுக்கு முன்னாடி நானே கழுவி, துடைச்சு, சாவியைக் கையில குடுத்தேன். ஏழு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டுடறேன்னார். வரவே இல்ல. போனும் எடுக்கல. எவனோ பித்தலாட்டக்காரன்கிட்ட வண்டியைத் தூக்கிக் குடுத்துட்டேனோன்னு காலைலேர்ந்து செத்துக்கிட்டிருக்கேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். அந்த மனிதர் பெயிண்ட் டப்பாமீது ஏன் அப்படிக் குறுகி உட்கார்ந்திருந்தார் என்று டபுள் பிரேக்குக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஏன்?" என்றாள் சுத்தியல். "எதுக்கு எனக்குத் தெரியாம?"

"ஏன்னா நீ வாயைத் திறப்பே. அவர் ஒரு குறை சொல்லுவார். நீ தெருமுனை வரைக்கும் துரத்துவே. மூணு வருஷம் வீணாப் போயிடும்." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "வண்டி தானா பேசிக்கும்னு எனக்குத் தெரியும். நீ பக்கத்துல இருந்தா அதைப் பேச விடமாட்டே."

"ரெண்டுங்கெட்டான்னு சொன்னே!"

"உன்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்னா நீ நிறுத்திடுவே. பதினோராவது கூரையே நல்லாத்தான் இருந்துச்சு. நான் 'எருமை'ன்னதாலதானே பன்னிரண்டாவது கட்டினே?"

அவள் அண்ணனை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தாள். அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் மூக்கை உறிஞ்சினாள்.

அண்ணி பின்கதவைத் திறந்தாள். டிசைனர் விழித்து, கண்ணைக் கசக்கி, காலைத் தொங்கப் போட்டு விளிம்பில் உட்கார்ந்தார். இத்தனை பேரைப் பார்த்தும் அவருக்கு வெட்கமாக இல்லை போலிருந்தது.

"யார் கட்டினது?" என்றார்.

சுத்தியல் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினாள். அண்ணன் முன்னெச்சரிக்கையாக இன்னொரு கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

"ஓட்டிப் பாத்தேன். சாமான் ஏத்திப் பாத்தேன். சாதாரண வீட்டு ஷெட்டுல நிக்குமான்னு பாக்கலாம்னு நுழைஞ்சேன். வண்டி கச்சிதமா நின்னுடுச்சு, நான்தான் இறங்க முடியல. என்னோட நாலு கதவு வண்டியா இருந்தா ஒரு மாதிரி நெளிஞ்சு வந்திருப்பேன். இது கதவா, கோட்டை வாசலா? ஹாரன் அடிச்சேன், சத்தமே இல்ல. கத்தினேன், அச்சகம் விடல. பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி கிடையாது. ஆறு மணி நேரம்மா!"

சுத்தியலின் கழுத்து நரம்பு புடைத்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் அண்ணி. "பின்னாடி இருந்தது பழைய தகர ஷட்டர். ரிவர்ஸ் போட்டு ஒரு அழுத்து அழுத்தியிருந்தா கிழிஞ்சு வெளிய வந்திருக்கலாமே. ஏன் செய்யல?"

டிசைனர் தன் பக்கத்தில் வளைந்து இறங்கிய பின்கதவின் ஓரத்தை உள்ளங்கையால் தடவினார்.

"மூணு தடவை ரிவர்ஸ் போட்டேன்மா," என்றார். "ஷட்டர் கிழியும், சரி. ஆனா இதுவும் நசுங்குமே. மனசு வரல. படுத்துட்டேன்."

அச்சகம் மட்டும் தடதடத்தது.

"என் போன் யார்கிட்ட இருக்கு? ஆபீசுக்குச் சொல்லணும். மத்த நாலு வண்டியையும் நான் போய்ப் பாக்கப்போறதில்ல. இதைத்தான் செய்யப்போறோம்." அவர் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பின்கதவுக்கு மட்டும் உள்ள ஒரு கைப்பிடி வெச்சுடலாம்."

"முடியாது!" என்றாள் சுத்தியல்.

"ஐயோ, போச்சு!" என்று பெயிண்டர் தலையில் கைவைத்தார். டபுள் பிரேக்கின் வலது கால் தன்னையறியாமல் தரையை ஓங்கி மிதித்தது.

"முடியாதுங்க," என்றாள் அவள் மறுபடி. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. "எங்க வெச்சாலும் கதவு தடிச்சுடும். கதவு தடிச்சா இந்த இறக்கம் செத்துப் போயிடும். வேணும்னா வண்டியைத் திருப்பிக் குடுத்துடுங்க."

டிசைனர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் பென்சிலால் பின்கதவின் படம், ஒன்றின்மேல் ஒன்றாக, இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் கைப்பிடி. ஒவ்வொன்றும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

"தூங்கறதுக்கு முன்னாடி நானும் நாலு மணி நேரம் தேடினேன்மா," என்றார். "இடம் இல்லதான்."